எவ்வளவு இறுக்கம் போதும்?
தஞ்சைப் பீரங்கி முதல் ரயில் சக்கரம் வரை



சென்ற மாதம் கும்பளங்கியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு சங்கடம். இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டன. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி முறுக்கிப் பார்த்தாள், தரையில் தட்டிப் பார்த்தாள். சூடு பட்டால் உலோகம் விரியும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வரவே, உள் டம்ளருக்குள் வெந்நீரை ஊற்றினாள். சிக்கல் தீரவில்லை. முன்னைவிட நன்றாக இறுகிவிட்டது!

பாடம் சரிதான். அதைப் பயன்படுத்திய இடம்தான் தவறு. உள்ளே இருப்பது விரிந்தால் இறுகத்தானே செய்யும்? வெந்நீரைக் கொட்டிவிட்டு, உள் டம்ளரில் குளிர்ந்த நீரை நிரப்பினேன். வெளி டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் சில விநாடிகள் அமிழ்த்தி வைத்தேன். இலேசாகத் திருகியதும் இரண்டும் பிரிந்துவிட்டன.

அவள் விடவில்லை. "தாத்தா, அப்போ ஒன்றைக் கழற்றவே முடியாதபடி மாட்டவும் இதே வழிதானே?"

"ஆமாம் கண்ணு. அந்த வேலைக்காகத்தான் ரயில்வேயில் தாத்தாவுக்கு முப்பத்தைந்து வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்."

"அப்படியென்றால் எவ்வளவு இறுக்கமாக மாட்டுகிறோமோ அவ்வளவு நல்லதா?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எனக்கும் ஒரு காலத்தில் இதே எண்ணம் இருந்தது. அதனால் நேரவிருந்த கெடுதலையும் பின்னால் சொல்கிறேன்.

மூன்று வகைப் பொருத்தம்

ஒரு துளையும் அதில் நுழையும் ஒரு தண்டும் இருந்தால், அவற்றிடையே மூன்று வகை உறவு உண்டு.

முதல் வகை, தளர்ந்த பொருத்தம். துளை பெரிது, தண்டு சிறிது. கதவுக் கீலும் கிணற்று ராட்டினமும் இப்படிப்பட்டவை. சுழல வேண்டிய இடத்தில் இடைவெளி வேண்டும்.

இரண்டாவது, ஒட்டிய பொருத்தம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. தூக்குச் சட்டியின் மூடியைப் போல, கையால் அழுத்தினால் மூடும், இழுத்தால் வரும்.

மூன்றாவது, இறுகிய பொருத்தம். இங்கே துளையைவிடத் தண்டு பெரிது! சிறிய துளைக்குள் பெரிய தண்டு எப்படி நுழையும் என்று கேட்பீர்கள். இரண்டு வழிகள் உண்டு. துளையுள்ள வெளிப் பாகத்தைச் சூடாக்கி விரியவைத்து மாட்டி, குளிரவிடலாம். அல்லது பெரும் பலத்தோடு அழுத்தி ஏற்றலாம். எப்படிச் செய்தாலும், வெளிப் பாகம் தன் இயல்பான அளவுக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். உள் பாகம் இடம் கொடுக்காது. இந்த ஓயாத மல்லுக்கட்டுதான் பிடிப்பு. ஆணியோ பசையோ தேவையில்லை.

இங்கே மாணவர்கள் பலர் ஒரு தவறு செய்வார்கள். வளையத்தைச் சூடாக்கினால் உலோகம் உள்நோக்கியும் விரிந்து துளை சிறுத்துவிடும் என்று நினைப்பார்கள். அப்படியன்று. வளையத்தை ஓர் இடத்தில் வெட்டி நீட்டினால் அது ஒரு நீண்ட பட்டை. சூடேறினால் பட்டை நீளும். நீண்ட பட்டையை மறுபடி வளைத்தால் பெரிய வட்டம்தானே வரும்? ஆகவே துளையும் பெரிதாகும்.

மாட்டு வண்டிப் பட்டை

இந்த வித்தையை நான் முதலில் கண்டது எந்தத் தொழிற்கல்லூரியிலும் அல்ல, எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையில். மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை. இவை எல்லாம் மரம். இத்தனை துண்டுகளையும் சேர்த்துப் பிடிப்பது வெளியே போடும் இரும்புப் பட்டை ஒன்றுதான்.

கொல்லர் கயிற்றால் வட்டையின் சுற்றளவை அளப்பார். இரும்பை அந்த அளவுக்கு வெட்டாமல் ஏறக்குறைய ஒரு விரல் குறைத்து வெட்டி வளையமாக்குவார். வறட்டி அடுக்கித் தீ மூட்டி, வளையம் சிவந்ததும் நான்கு பேர் குறடுகளால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் போடுவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும்போது தண்ணீரை ஊற்றுவார்கள். சுருங்கும் இரும்பு நெரிக்க, ஆரக்கால்கள் சடசடவென்று தத்தம் துளைகளுக்குள் போய் உட்காரும் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஒரு விரல் என்பது குருட்டுக் கணக்கா? பார்ப்போம். ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். 1.2 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 3.77 மீட்டர். சிவக்கக் காய்ச்சினால் வெப்பம் சுமார் 700 டிகிரி. நம் ஊர் வெயிலிலிருந்து 670 டிகிரி உயர்வு. பெருக்கினால் 30 மில்லிமீட்டர் வருகிறது. ஒரு விரல் அகலம் 20 மில்லிமீட்டர் என்று கொண்டால், குறைத்ததையும் ஈடுகட்டி, மாட்டுவதற்குக் கொஞ்சம் இடமும் மிஞ்சுகிறது. வெப்பமானி பார்த்திராத கொல்லரின் கணக்கு பிழையில்லை.

அந்தக் கொல்லர் இரண்டு விரல் குறைத்திருந்தால், வளையம் ஏறவே ஏறாது. ஒன்றரை விரல் குறைத்து எப்படியோ ஏற்றிவிட்டால், ஆரக்கால் வளையும், குடத்தில் விரிசல் காணும். குறைக்காமலே போட்டிருந்தால், முதல் கோடையில் மரம் காய்ந்து சுருங்கியதும் பட்டை கழன்று ஓடும். அதனால்தான் சரியாகப் போட்ட சக்கரத்தையும் கோடையில் குளத்து நீரில் ஊறவைப்பார்கள். மரம் உப்பிப் பட்டையை மீண்டும் நிறைக்கும். இங்கே கும்பளங்கியில் கரையேற்றிக் காயவிட்ட வள்ளத்தை நீரில் இறக்கும்போது முதலில் பலகை இடுக்குகளில் நீர் கசிவதையும், ஊறிய பிறகு அந்தக் கசிவு குறைவதையும் பார்த்திருப்பீர்கள். காரணம் ஒன்றே.

தஞ்சைப் பீரங்கி

இதே வேலையை நம் முன்னோர் மிகப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். தஞ்சாவூர் கீழவாசலில் பீரங்கி மேடு என்று ஓர் இடம் உண்டு. அங்கே இருக்கும் பெரும் பீரங்கி 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் ஏழரை மீட்டர். எடை இருபது டன்னுக்கு மேல். பலரும் இதை வார்ப்பு என்று நினைக்கிறார்கள். இது வார்த்ததன்று, அடித்துச் செய்தது.

நீண்ட தேனிரும்புப் பட்டைகளைக் குழல் வடிவில் வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி நெருக்கியிருக்கிறார்கள். வண்டிச் சக்கரத்தில் ஆரக்காலைப் பட்டை நெரிப்பதுபோல, இங்கே குழலை வளையங்கள் நெரிக்கின்றன. குழலின் உள்ளே மருந்து வெடிக்கும்போது அந்த அழுத்தம் பட்டைகளை வெளிப்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும். ஆனால் பட்டைகள் ஏற்கெனவே உள்நோக்கி நெரிக்கப்பட்டிருப்பதால், வெடியின் பலம் முதலில் அந்த நெரிப்பைக் கடந்தாக வேண்டும்.

வளையம் தளர்ந்திருந்தால் பட்டைகளின் இடுக்கு திறந்து தீ வெளியே பாயும். மிக இறுகியிருந்தால், வளையம் வெடிக்கு முன்பே தன் தாங்கும் எல்லைக்கு அருகில் இழுபட்டு நிற்கும். வெடியின் பாரத்தைத் தாங்க அதனிடம் மிச்சம் இருக்காது. இரண்டு வழியிலும் சாவது எதிரி அல்ல, பக்கத்தில் நிற்கும் பீரங்கிக்காரர்தான். இங்கிலாந்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1850-களில் வளையங்களைச் சூடாக்கி ஏற்றிப் பீரங்கி செய்தபோது, இந்த இறுக்கத்தைக் கணக்கிட்டுச் செய்யும் காலம் வந்தது. அடிப்படைத் தத்துவம் தஞ்சையில் கண்டதே.

கைத்துப்பாக்கிக்கும் இதே கேள்வி உண்டு. திருச்சியில் 1966-இல் தொடங்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையில் ராணுவத் துப்பாக்கிகள் செய்கிறார்கள். துப்பாக்கியின் குழல் பின்பக்க உடலோடு சேரும் இடம், வகைக்குத் தக்கபடி, மறையிட்டுத் திருகியதாகவோ அழுத்தி ஏற்றியதாகவோ இருக்கும். அங்கே தளர்வு இருந்தால் குறி தவறும், தோட்டா உட்காரும் இடத்தின் அளவும் மாறிவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் மறை இழுபடும், குழலின் உள்துளையும் அந்த இடத்தில் நெரிபடலாம். ஆகவே அங்கும் விதி, "முடிந்த மட்டும் இறுக்கு" என்பதன்று. "குறித்த அளவுக்கு இறுக்கு" என்பதே.

ரயில் சக்கரத்தின் கணக்கு

இனி என் தொழிலுக்கு வருகிறேன். டயர் என்றதும் ரப்பர் நினைவுக்கு வரும். நீராவி என்ஜினின் சக்கரத்துக்கும் டயர் உண்டு, அது எஃகு. சக்கரத்தின் நடுப்பகுதி ஒரு துண்டு. தண்டவாளத்தில் தேயும் வெளி வளையம் தனித் துண்டு. தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு.

பழைய பணிமனை வழக்கப்படி இறுக்கத்தின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. சக்கர நடுவின் விட்டம் 1000 மில்லிமீட்டர் என்றால், டயரின் உள்விட்டத்தை 999 என்று கடைவோம். மாட்டும்போது தடையின்றி இறங்க இன்னும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆக, 2 மில்லிமீட்டர் விரிய வேண்டும். ஒரு டிகிரிக்கு 0.012 என்பதால், 2-ஐ 0.012-ஆல் வகுத்தால் 167 டிகிரி உயர்வு. தூக்கி வரும்போது ஆறிவிடும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் கூட்டிச் சூடாக்குவோம். வண்டிப் பட்டையைப் போலச் சிவக்கக் காய்ச்சக் கூடாது; எஃகின் பதம் கெட்டுவிடும்.

குளிர்ந்த பிறகு அந்த டயர் ஆயிரத்தில் ஒரு பங்கு இழுபட்ட நிலையிலேயே காலமெல்லாம் இருக்கும். அவ்வளவு இழுக்க, எஃகுக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20 கிலோ பலம் வேண்டும். டயரின் குறுக்குவெட்டு 140-க்கு 70 மில்லிமீட்டர் என்றால் 9800 சதுர மில்லிமீட்டர். நடுப்பகுதி சற்றும் நசுங்காது என்று கொண்டால் மொத்த இழுவிசை ஏறக்குறைய 196 டன்! நான்கு ரயில் பெட்டிகளைத் தொங்கவிட்டதுபோன்ற பாரம். வண்டி ஓடினாலும் நின்றாலும் அந்த எஃகு வளையம் இதைச் சுமந்துகொண்டே இருக்கிறது.

நான் செய்த பிழை

எண்பதுகளின் தொடக்கம். டிப்ளமோ முடித்துப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். நீராவி என்ஜின்கள் இன்னும் ஓடிய காலம். ஒரு டயரின் உள்விட்டத்தைக் கடையும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். குறித்த அளவு வருவதற்கு முன்பே கடைவதை நிறுத்திவிட்டேன். துளை 0.6 மில்லிமீட்டர் சிறிதாக இருந்தது. கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றேதான் செய்தேன். கழன்றுவிட்டால் எத்தனை உயிர் போகும், கொஞ்சம் கூடுதலாக இறுகியிருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம்.

ஃபோர்மேன் அளந்து பார்த்தார். காரணம் கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. ஒரு சாக்கட்டியை என் கையில் கொடுத்து இரும்பு மேசையின் மேலேயே கணக்குப் போடச் சொன்னார். 1.6-க்கு எவ்வளவு? சதுர மில்லிமீட்டருக்கு 32 கிலோ. "இது வெறுமனே நிற்கும்போது. இனி வண்டியின் பாரத்தைக் கூட்டு. தண்டவாள இணைப்பில் விழும் அடியைக் கூட்டு. குளிர்கால ராத்திரியைக் கூட்டு. கடைசலில் உன் உளி விட்ட கீறல் ஒன்று உள்ளே இருந்தால் அதையும் கூட்டு" என்றார். பிறகு அறை மூலையில் கிடந்த ஒரு டயர்த் துண்டைக் காட்டினார். எங்கோ மாட்டி நிறுத்தியிருந்த சக்கரத்தில், யாரும் தொடாமலே, ஒரு இரவில் வெடித்துப் பிளந்த டயர் அது.

"துளை சின்னதாக இருந்தால் இன்னொரு சீவல் எடுத்துவிடலாம் தம்பி. மாட்டின பிறகு என்ன செய்வாய்? பயம் உன் மனசில் இருக்கட்டும். அதை டயரில் ஏற்றாதே."

மறுபடி லேத்தில் ஏற்றி 0.6 மில்லிமீட்டரைச் சீவி எடுத்தேன். முடி ஏழெட்டை அடுக்கினால் வரும் கனம், அவ்வளவுதான்.

தளர்ந்தால் என்ன ஆகும்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். என்ஜினின் பிரேக் கட்டை டயரின் மேல்தான் உராய்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டயர் சூடேறும். நடுப்பகுதிக்கு அந்தச் சூடு தாமதமாகவே போய்ச் சேரும். கணக்கைப் பாருங்கள். நாம் கொடுத்த இறுக்கம் 1 மில்லிமீட்டர். 1-ஐ 0.012-ஆல் வகுத்தால் 83. நடுப்பகுதியைவிட டயர் 83 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், இறுக்கம் முழுவதும் காணாமல் போய்விடும்! என் பேத்தி செய்யத் தவறியதை பிரேக் கட்டை செய்துவிடுகிறது. தேய்ந்து மெலிந்த டயர் இன்னும் விரைவாகச் சூடேறும். செங்கோட்டை, புனலூர் மலைப்பாதையில் பயணம் செய்தவர்களுக்கு இறக்கம் என்றால் என்ன என்று தெரியும். 1904-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்ட அது, 2018 முதல் அகலப்பாதையாக ஓடுகிறது.

இந்த நழுவலைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருந்தது. டயரையும் நடுப்பகுதியையும் சேர்த்துக் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு போடுவோம். கோடு நேராக இருந்தால் எல்லாம் நலம். உடைந்து விலகியிருந்தால் டயர் நழுவியிருக்கிறது.

ஒரு நாள் அதிகாலை, மலை இறங்கி வந்த ஒரு என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த கலாசி என்னைக் கூப்பிட்டார். கோடு நான்கு விரல் விலகியிருந்தது. அதே என்ஜின் இன்னும் ஒரு மணி நேரத்தில் பயணி வண்டியோடு புறப்பட வேண்டியது. நிறுத்திவிட்டேன். மாற்று என்ஜின் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிளாட்பாரத்தில் பயணிகள் கோபமாகப் பேசினார்கள், கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் பொறுப்பே கிடையாதா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் அந்தக் கலாசிக்கும் எனக்கும் சம்பளம்.

டயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் எஷெடே என்ற ஊரில் 1998 ஜூன் 3 அன்று நடந்த விபத்து சான்று. நடுப்பகுதிக்கும் டயருக்கும் இடையே ரப்பர் வைத்த சக்கரம் அது. அங்கே டயர் தளரவில்லை; உட்புறத்தில் தொடங்கிய விரிசல் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்து, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் டயர் உடைந்தது. 101 பேர் இறந்தார்கள்.

இன்று நம் ரயில் பெட்டிகளில் டயரும் நடுவும் ஒரே துண்டாக உள்ள சக்கரங்களே ஓடுகின்றன. பெங்களூரு எலகங்காவில் 1984-இல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை அத்தகைய சக்கரங்களை வார்க்கிறது. ஆனாலும் இறுக்கக் கணக்கு தீர்ந்துவிடவில்லை. அந்தச் சக்கரம் அச்சின் மேல் ஏற வேண்டுமே! அச்சின் கனம் 190 மில்லிமீட்டர் என்றால், துளை அதைவிடச் சுமார் கால் மில்லிமீட்டர் சிறிது. சூடாக்காமல், நீரியல் அழுத்தியால் பல பத்து டன் பலத்தில் ஏற்றுகிறார்கள். ஏற ஏற எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்பதை இயந்திரமே கோடாக வரைகிறது. பலம் குறைந்தாலும் தள்ளுபடி, மிஞ்சினாலும் தள்ளுபடி.

பேத்திக்குச் சொன்ன விடை

ஆகவே, "எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லதா?" என்ற கேள்விக்கு விடை, இல்லை என்பதே. கழலாமல் இருக்க ஒரு கீழ் எல்லை. உடையாமல் இருக்க ஒரு மேல் எல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் பொறியியல். அந்த நடுவைக் கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டும். கண்டபின் அங்கேயே நிற்க மனக்கட்டுப்பாடு வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. 900 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கில் டயரின் உள்விட்டம் என்ன? மாட்டுவதற்கு அதே அளவு இடைவெளியும் வேண்டுமென்றால் எத்தனை டிகிரி சூடேற்ற வேண்டும்? போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். உள்விட்டம் 899.1 மில்லிமீட்டர். சூடு அதே 167 டிகிரிதான். சக்கரம் சிறிதானாலும் பெரிதானாலும் சூடு மாறாது. ஏன் என்று பெற்றோரோடு சேர்ந்து யோசியுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தஞ்சாவூர் வழியாகப் போனால், பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் கீழவாசலுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பீரங்கியின் மேல் வளையமும் வளையமும் சேரும் இடங்களைக் காட்டுங்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு கொல்லர் அளவு பார்த்து ஏற்றியது என்று சொல்லுங்கள். நானும் வரும் தை மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன்.